கிரிக்கெட் கணினி விளையாட்டுகளில் ரசிகர் திருத்தங்கள்

கிரிக்கெட் கணினி விளையாட்டுகளில் வீரர்களின் பெயர், முகம், சீருடை, மட்டை, மைதானம், போட்டித் தொடர் முதலியவற்றை விளையாடுபவர்களே மாற்றியும் புதிதாகச் சேர்த்தும் அமைத்துக்கொள்ளும் வழக்கம் ரசிகர் திருத்தம் எனலாம். விளையாடுவோரின் பேச்சில் இது 'பேட்ச்' அல்லது 'மோட்'. இந்தியாவில் இவ்வழக்கம் வேரூன்றியது இ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட 'கிரிக்கெட் 07' என்ற விளையாட்டின் வழியாக. பின்னர் ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் நிறுவனம் 2014 முதல் வெளியிட்ட விளையாட்டுகளிலும், சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கிய 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' கைப்பேசி விளையாட்டுகளிலும் இது வேறு வேறு வடிவங்களை எடுத்தது.

இந்த மூன்று இடங்களிலும் ரசிகருக்குக் கிடைத்த உரிமை ஒன்றல்ல. கிரிக்கெட் 07 தானாகக் கொடுத்தது மிகக் குறைவு. ரசிகர்கள் கோப்புகளைப் பிரித்து உள்ளே நுழைந்தனர். பிக் ஆன்ட் ஒரு பட்டறையையே திறந்து கொடுத்தது. ஆனால் அதன் சாவி நிறுவனத்திடம் இருந்தது. சென்னை விளையாட்டு பெயரெழுதும் கட்டத்தைத் திறந்துவைத்து மற்றவற்றைப் பூட்டிக்கொண்டது. எது எளிதாக மாற்ற முடிந்தது, எது பல ஆண்டுகள் கழித்தும் எஞ்சியிருக்கக்கூடியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இம்மூன்றும் நேரெதிரான பதில்களைத் தருகின்றன.

பெயர் மாறிய வீரர்கள்

விளையாட்டு வீரர் ஒருவரின் பெயரையும் முகத்தையும் வணிகப் பொருளில் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும் என்பது இத்துறையின் நடைமுறை. கால்பந்து விளையாட்டுகளிலும் இதே சிக்கல் இருந்தது. கொனாமியின் 'புரோ எவல்யூஷன் சாக்கர்' வரிசையில் லிவர்பூல் அணி 'மெர்சிசைடு ரெட்' என்ற பெயரில் பல ஆண்டுகள் ஆடியது. கிரிக்கெட்டில் சிக்கல் இன்னும் கூடுதல். ஒவ்வொரு நாட்டு வாரியத்திடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். வாங்கிய உரிமமும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும்.

கிரிக்கெட் 07 ஆஷஸ் தொடரை மையமாகக் கொண்டு தயாரிக்கப்பட்டது. 2006 நவம்பர் 23 அன்று பிரிஸ்பேனில் அத்தொடர் தொடங்கிய வாரத்தையொட்டியே விளையாட்டும் கடைக்கு வந்தது. பெட்டியின் மேல் ஒரு நாட்டுப் பதிப்பில் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப், இன்னொரு நாட்டுப் பதிப்பில் ரிக்கி பான்டிங். இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வீரர்கள் தங்கள் சொந்தப் பெயரோடு இருந்தனர். இந்திய வீரர்களோ எழுத்து மாற்றிய பெயர்களோடு, பார்த்தால் யாரென்று ஊகிக்கலாம் ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற நிலையில் நின்றனர். இந்த விளையாட்டை மிக நீண்ட காலம் ஆடிய ரசிகர் கூட்டங்களில் ஒன்று இந்தியாவில்தான் இருந்தது. அவர்களுக்குத்தான் தங்கள் அணி அடையாளம் தெரியாத அணியாகக் கிடைத்தது. திருத்தம் என்பது அழகுக்காகத் தொடங்கிய வேலை அல்ல. டெண்டுல்கரை டெண்டுல்கர் என்றே திரையில் எழுதிப் பார்க்கத் தொடங்கியது அது.

பெயருக்கும் முகத்துக்கும் உள்ள சட்ட உரிமை இந்தியாவில் பின்னாளில்தான் நீதிமன்றங்களில் விரிவாக அலசப்பட்டது. 'மெய்ன் ஹூன் ரஜினிகாந்த்' என்ற இந்திப் படம் நடிகர் ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் பயன்படுத்துவதற்கு எதிரான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015 பிப்ரவரியில் தடை விதித்தது. கிரிக்கெட் வீரர்களின் பெயர்களையும் படங்களையும் கொண்ட எண்ணிமச் சீட்டுகள் குறித்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது; பொதுவெளியில் எல்லோருக்கும் கிடைக்கும் தகவல்மீது ஒருவர் மட்டும் தனியுரிமை கோர முடியாது என்பது அதன் பார்வை. இரண்டுமே வணிகம் சார்ந்த வழக்குகள். பணம் வாங்காமல் தன் கணினியில் வீரரின் பெயரைத் திருத்தும் ரசிகர் இவை எதிலும் பேசப்படவில்லை. நிறுவனம் பெயரை மாற்றி வெளியிடுவதும், ரசிகர் அதைத் திருப்பி எழுதுவதும், இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் இருப்பதும் பழகிப்போன ஏற்பாடாயிற்று.

பிக் கோப்பும் ரோஸ்டரும்

கிரிக்கெட் 07-ஐ உருவாக்கியது ஹெச்.பி. ஸ்டுடியோஸ். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் லூனன்பர்க் என்ற கடலோரச் சிற்றூரில் இயங்கிய நிறுவனம் இது. கிரிக்கெட் அதிகம் ஆடப்படாத நாட்டில் உருவான விளையாட்டை இந்தியத் துணைக்கண்டம் ஏறக்குறைய தன் சொத்தாகவே ஆக்கிக்கொண்டது வேடிக்கைதான். இதே நிறுவனம் 'கிரிக்கெட் 2004', 'கிரிக்கெட் 2005' ஆகியவற்றையும் செய்திருந்தது. அதனால் முந்தைய பதிப்புகளில் கற்ற கோப்பு அறிவு 07-க்கும் உதவியது.

விளையாட்டுகளைத் திருத்தும் வழக்கத்துக்கு உலக அளவில் முன்னோடி 1993-இல் வந்த 'டூம்'. அதன் தயாரிப்பாளர்கள் ஆட்டத்தின் இயந்திரத்தையும் படம், ஒலி, வரைபடம் ஆகிய சரக்குகளையும் பிரித்து, சரக்கை 'வாட்' என்ற தனிக் கோப்பில் வைத்தனர். யாரும் தன் சரக்கை அடுக்கிக்கொள்ளலாம் என்பது அதன் உள்நோக்கம். இ.ஏ. நிறுவனத்தின் 'பிக்' கோப்பும் தோற்றத்தில் அப்படிப்பட்ட ஒரு மூட்டைதான். ஆனால் அது ரசிகருக்காகக் கட்டிய மூட்டை அல்ல. நிறுவனத்தின் பல விளையாட்டுகள் ஒரே முறையில் பொருளை அடுக்கிவைக்கச் செய்துகொண்ட வசதி. ஃபிஃபா விளையாட்டிலும் நீட் ஃபார் ஸ்பீடிலும் இதே மூட்டை முறை இருந்ததால், அங்கே அதை அவிழ்க்கக் கற்றவர்களின் கருவிகள் கிரிக்கெட்டுக்கும் பயன்பட்டன.

மூட்டைக்குள் இருந்த படங்கள் எஃப்.எஸ்.எச். என்ற வடிவில் இருந்தன. சீருடை, முகம், மட்டை, விளம்பரப் பலகை, புல்தரை எல்லாமே இப்படங்கள்தான். ஒன்றை வெளியே எடுத்து, படம் திருத்தும் மென்பொருளில் வரைந்து, அதே அளவில், அதே பெயரில் திரும்ப வைக்க வேண்டும். அளவு பிசகினால் ஆட்டம் தொடங்காது. அல்லது தொடங்கி, வீரர் களத்துக்கு வரும் நேரத்தில் நின்றுபோகும். முகம் செய்வது இவற்றில் கடினம். தட்டையாக விரித்த ஒரு முகத்தோலைப் போலப் படத்தை வரைய வேண்டும். விளையாட்டு அதை ஒரு தலை உருவத்தின்மேல் போர்த்தும். தோனியின் நீண்ட தலைமுடிக்கு அடியில் இருப்பது வேறொரு தலையின் உருவம் என்பதால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தாடையும் நெற்றியும் வேறு யாரையோ நினைவூட்டும்.

மட்டைகள் எளிது. அதனால் அவை ஏராளமாக வந்தன. இந்தியச் சிறுவர்களுக்கு மட்டை என்றால் அதன் ஒட்டுச்சீட்டுதான். சென்னை நிறுவனமான எம்.ஆர்.எஃப்-இன் சிவப்பு எழுத்து இல்லாத டெண்டுல்கர் மட்டையை யாரும் ஏற்கத் தயாராக இல்லை. வீரர் தன் மட்டை நிறுவனத்தை மாற்றினால் புதிய மட்டைத் தொகுப்பு ஒன்று வந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் 'ரோஸ்டர்' என்ற வீரர் பட்டியல் கோப்பு. யார் எந்த அணியில், வலக்கையா இடக்கையா, வேகமா சுழலா, எவ்வளவு திறமை என்ற விவரம் இதில் இருக்கும். இந்தக் கோப்பு விளையாட்டு நிறுவப்பட்ட இடத்தில் இல்லாமல் பயனரின் ஆவணங்கள் அடைவில் அமர்ந்திருந்தது. எனவே மூட்டை அவிழ்க்கத் தெரியாதவர்கூட ஒரு புதிய ரோஸ்டரைப் படியெடுத்துப் போட்டுப் பயன்படுத்த முடிந்தது. திருத்தத்தின் பெரும்பகுதி கணினித் திறமையை விடக் கிரிக்கெட் அறிவைக் கேட்டது. இர்ஃபான் பதானின் மட்டையடித் திறனுக்கு எத்தனை புள்ளி கொடுக்கலாம் என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவது கடினம். ஒரே அணிக்குப் பல ரோஸ்டர்கள் உலவியதற்குக் காரணம் இதுவே.

ஐ.பி.எல். வந்த பிறகு

கிரிக்கெட் 07-க்குப் பின் இ.ஏ. நிறுவனம் கணினிக்கோ பெரிய விளையாட்டுப் பெட்டிகளுக்கோ இன்னொரு கிரிக்கெட் விளையாட்டை வெளியிடவில்லை. அது வெளிவந்து பத்து மாதம் கழித்து, 2007 செப்டம்பர் 24 அன்று ஜோகானஸ்பர்கில் இந்தியா முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. 2008 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் ஐ.பி.எல். தொடங்கியது. இந்தியக் கிரிக்கெட்டின் முகம் மாறிய அந்த ஒன்றரை ஆண்டில், அதைத் திரையில் காட்டும் புதிய விளையாட்டு அதே நிறுவனத்திடமிருந்து வரவே இல்லை. அந்த வெற்றிடத்தை ரசிகர்கள் நிரப்பினர்.

விளையாட்டுக்குள் ஐ.பி.எல். என்று ஒரு தொடரைப் புதிதாகச் சேர்க்க வழியில்லை. ஏற்கெனவே இருக்கும் வெளிநாட்டு உள்ளூர் அணிகளின் இடத்தில் புதிய அணிகளைக் குடியேற்ற வேண்டும். அதாவது, பெயர்ப்பலகையும் சீருடையும் வீரர் பட்டியலும் மாறி, ஏதோ ஓர் அயல்நாட்டு அணி சென்னை சூப்பர் கிங்ஸ் ஆகும். மஞ்சள் சீருடை அணிந்த தோனியும் முரளிதரனும் ஹைடனும் ஒரே அணியில் இறங்கும்போது, அடியில் இருக்கும் கணக்கு இன்னும் பழைய அணியுடையதுதான். மாறியது சரக்கு, இயந்திரம் அல்ல.

அத்தோடு இவ்வேலை ஒருமுறை செய்து முடிப்பதும் அல்ல. ஐ.பி.எல். எட்டு அணிகளோடு தொடங்கியது. 2011-இல் பத்தானது, பிறகு ஒன்பதானது, மீண்டும் எட்டானது, 2022-இல் மறுபடி பத்தானது. இடையில் பெரிய ஏலம் நடக்கும் ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதும் கலைந்தது. 2016, 2017 ஆண்டுகளில் சென்னை அணி தடைசெய்யப்பட்டிருந்தபோது தோனி புனே அணியின் சீருடையில் ஆடினார். 2018-இல் மஞ்சள் திரும்பியது. உண்மையான ஆட்டத்தில் நிர்வாகிகள் கையெழுத்தால் செய்ததை, திருத்துபவர் ஒவ்வொரு சட்டையாகத் தைப்பதுபோல் செய்தார். திரையின் கீழே ஓடும் ஓட்ட எண்ணிக்கைப் பட்டையையும் அவர் விடவில்லை. 2017 வரை சோனி தொலைக்காட்சியின் வடிவில் இருந்த பட்டை, ஒளிபரப்பு 2018-இல் ஸ்டாருக்கு மாறியதும் திருத்தங்களிலும் மாறியது. விளையாட்டு எதைப் போலவே இருக்க வேண்டும் என்று ரசிகர் விரும்பினார் என்பதற்கு இது நல்ல சான்று. மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கும் கிரிக்கெட் அல்ல, வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்கும் கிரிக்கெட்.

கைவைக்க முடியாத இடங்கள் இருந்தன. 2007 அக்டோபரில் ஒருநாள் ஆட்டங்களுக்கு வந்த ஃப்ரீ ஹிட், 2008-இல் இந்திய–இலங்கைத் தொடரில் சோதிக்கப்பட்ட நடுவர் முடிவு மறுஆய்வு, ஆடும் பதினொருவரில் நான்கு வெளிநாட்டவர் மட்டுமே என்ற ஐ.பி.எல். விதி, 2023-இல் வந்த 'இம்பேக்ட் பிளேயர்' எல்லாம் விளையாட்டு பிறந்த பிறகோ அதன் எல்லைக்கு வெளியிலோ தோன்றியவை. இவை சரக்கில் இல்லை. இயந்திரத்துக்குள் இருக்க வேண்டியவை. மூட்டையை அவிழ்ப்பதால் மட்டும் இவற்றைச் சேர்த்துவிட முடியாது. அவ்விதிகளை ஆடுபவர் தானே நினைவில் வைத்துக் கடைப்பிடிக்க வேண்டும், தெருக் கிரிக்கெட்டில் சுவரைத் தாண்டினால் அவுட் என்று பேசிக்கொள்வதைப் போல.

வர்ணனையும் அப்படியே நின்றுவிட்டது. கிரிக்கெட் 07-இல் பேசியவர்கள் ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலசும். சென்னை–மும்பை ஆட்டத்துக்கும் அவர்களே ஆஷஸ் தொனியில் பேசினர். பெனோ 2015 ஏப்ரல் 10 அன்று காலமானார். அந்த ஆண்டின் ஐ.பி.எல். தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த ஆண்டுக்கான அணிகளைக் கிரிக்கெட் 07-இல் ஏற்றி ஆடியவர்களுக்கு அவர் குரலே வர்ணித்தது.

பரவிய வழி

பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் டேட்டாஒன் அகல அலைவரிசை 2005 ஜனவரியில் தொடங்கியது. ஆரம்ப வேகம் நொடிக்கு 256 கிலோபிட். ஒரு குறுந்தகட்டில் அடங்கும் 700 மெகாபைட் அளவை அந்த வேகத்தில் இறக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். சில திட்டங்களில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை இறக்குவது மாதக் கணக்கில் சேராது. பெரிய பேட்ச்களுக்கு உகந்த நேரம் அதுவே. கோப்புகள் பல துண்டுகளாகப் பிரித்து ஏற்றப்பட்டிருக்கும். பத்துத் துண்டில் ஒன்று பழுதானாலும் மற்ற ஒன்பதும் வீண்.

இவ்விணைப்பு எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் எட்டவில்லை. சமவெளியின் நகரங்களில் பிரவுசிங் சென்டர் இருந்தது. கூடலூரைத் தாண்டி நாடுகாணி போன்ற மலை எல்லை ஊர்களில், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், வீட்டுக்கு வீடு தொலைபேசிக் கம்பி வருவதே கடினம். அப்படிப்பட்ட ஊர்களுக்கு இத்தகைய கோப்பு போய்ச்சேரக்கூடிய வழி, வெளியூரில் படிக்கும் அண்ணன் விடுமுறைக்குக் கொண்டுவரும் குறுந்தகடோ பென் டிரைவோதான். கையிலிருந்து கைக்குப் போன பிரதியில் யார் எந்த முகத்தை வரைந்தார், யார் பட்டியலைத் தொகுத்தார் என்ற குறிப்புக் கோப்பு பெரும்பாலும் தொலைந்துவிடும். இ.ஏ. கிரிக்கெட் என்ற பெயர் நின்றது. இரவெல்லாம் விழித்துச் சீருடை வரைந்தவரின் பெயர் நிற்கவில்லை.

இணையத்தில் இருந்த பிரதிகளின் கதியும் நன்றாக இல்லை. இலவசக் கோப்புச் சேமிப்புத் தளங்களையே எல்லோரும் நம்பியிருந்தனர். அவற்றில் பெரியதான மெகாஅப்லோட் 2012 ஜனவரியில் அமெரிக்க அரசால் முடக்கப்பட்டது. ரேப்பிட்ஷேர் 2015 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. இவற்றோடு அங்கிருந்த கோப்புகளும் போயின.

இடைவெளி

2009 முதல் 2013 வரை வேறு நிறுவனங்களின் விளையாட்டுகள் வந்தன. கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட 'ஆஷஸ் கிரிக்கெட் 2009', 'இன்டர்நேஷனல் கிரிக்கெட் 2010' ஆகியவை ஆட்டத்தில் முன்னேறியிருந்தாலும் ஐ.பி.எல். காலத்து இந்திய ரசிகரின் பசியைத் தீர்க்கவில்லை. 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே குறைகள் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஏழு ஆண்டுப் பழைய கிரிக்கெட் 07 அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

திறந்த பட்டறை

மெல்பர்னைச் சேர்ந்த பிக் ஆன்ட் நிறுவனம் 2014-இல் 'டான் பிராட்மன் கிரிக்கெட் 14' விளையாட்டை வெளியிட்டது. இதற்கு முன் ரக்பி லீக் விளையாட்டில் வீரர்களை ரசிகர்களே உருவாக்கும் 'ஃபேன்ஹப்' என்ற ஏற்பாட்டை அந்நிறுவனம் சோதித்திருந்தது. கிரிக்கெட்டில் அது 'கிரிக்கெட் அகாடமி' ஆயிற்று. மூக்கின் நீளம், தாடையின் அகலம், தோலின் நிறம், நிற்கும் முறை, பந்து வீச ஓடிவரும் பாங்கு, மட்டையின் நிறம் என்று ஒவ்வொன்றையும் திரையிலேயே நகர்த்தி ஒரு வீரரை உருவாக்கலாம். உருவாக்கியவரை நிறுவனத்தின் வழங்கியில் ஏற்றிப் பகிரலாம். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை. 'கெட் பெஸ்ட்' என்ற பொத்தானை அழுத்தினால், அதிகம் பாராட்டப்பட்ட பதிப்புகள் தானே இறங்கி அணிகளில் அமர்ந்துகொள்ளும்.

இது பேட்ச் உலகத்தின் பெரிய குறையைப் போக்கியது. கிரிக்கெட் 07-இன் திருத்தங்கள் பெரும்பாலும் கணினி வைத்திருந்தவர்களுக்கே எட்டின. பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்தவர், யாரோ வட்டின் உள்ளடக்கத்தையே மாற்றிப் பதித்து விற்ற திருட்டு வட்டைத்தான் நாட முடியும். அகாடமியோ பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் விளையாட்டின் பகுதியாகவே இருந்தது. மூட்டை அவிழ்க்க வேண்டாம். அளவு பிசகி ஆட்டம் நின்றுபோகும் என்ற அச்சமும் இல்லை. செய்தவரின் கணக்குப் பெயரும் படைப்போடு சேர்ந்தே சென்றது.

நிறுவனத்துக்கும் இதில் லாபம் இருந்தது. எல்லா நாட்டு வாரியங்களிடமும் உரிமம் வாங்கப் பணம் இல்லாத சிறு நிறுவனம், வெறும் பெயரில்லா அணிகளோடு விளையாட்டை விற்று, உண்மையான பெயர்களை ரசிகர்கள் நிரப்பிக்கொள்ள விட்டது. முன்பு கண்டுகொள்ளாமல் விடப்பட்ட ஒன்று இப்போது தயாரிப்புத் திட்டத்தின் பகுதியானது. கடுமையாகச் சொன்னால், உரிமத்துக்குச் செலவிட வேண்டிய தொகையை ரசிகரின் உழைப்பு ஈடுகட்டியது. ஆனாலும் ரசிகர்கள் இதைச் சுரண்டலாக எண்ணவில்லை, ஏனென்றால் எட்டு ஆண்டுகளாக அவர்கள் கேட்டது இந்தக் கருவியைத்தான்.

2016 டிசம்பரில் வந்த 'டான் பிராட்மன் கிரிக்கெட் 17' இப்பட்டறையை விரித்தது. மைதானத்தையே கட்டலாம் என்பது அதில் பெரிய புதுமை. சேப்பாக்கத்தைக் கட்ட விரும்புபவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. 2011 உலகக் கோப்பைக்காகப் புதிதாக எழுப்பிய பார்வையாளர் மாடங்களில் ஐ, ஜே, கே என்ற மூன்று மாடங்கள் 2012 முதல் மாநகராட்சியோடு எழுந்த சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2023-இல் கிழக்குப் பக்கத்தில் புதிய மாடம் திறக்கப்பட்டது. எந்த ஆண்டின் சேப்பாக்கம் என்று முடிவுசெய்யாமல் மைதானத்தை வரைய முடியாது.

ஆனால் அகாடமி அனுமதித்ததைத்தான் செய்யலாம். கொடுத்த மூக்குகளுக்குள் ஒரு மூக்கு, கொடுத்த கூரைகளுக்குள் ஒரு கூரை. கிரிக்கெட் 07-இல் அளவு சரியாக இருந்தால் எந்தப் படத்தையும் எங்கும் ஒட்டலாம். அது காட்டாற்றின் சுதந்திரம். இங்கே இருப்பது வாய்க்கால் நீர். தொடர்ந்து வந்த 'ஆஷஸ் கிரிக்கெட்', 'கிரிக்கெட் 19', 'கிரிக்கெட் 22' ஆகியவற்றிலும் அகாடமி இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வந்ததால் ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் புதிய பட்டறைக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. 2023-இல் வந்த 'கிரிக்கெட் 24' இந்தியத் தொழில்முறை இருபது ஓவர் அணிகள் சிலவற்றின் உரிமத்தை முறையாகப் பெற்றது. பதினைந்து ஆண்டுகளாக ரசிகர் வரைந்துகொண்டிருந்த சீருடைகள் சில, கடைசியில் பெட்டிக்குள்ளேயே வந்தன.

சென்னையின் விளையாட்டு

கைப்பேசியில் கிரிக்கெட் ஆடுவோருக்கு இந்தக் கதை முழுவதும் பழங்கதை. அவர்களுக்குத் தெரிந்தது 'டபிள்யூ.சி.சி.' என்று சுருங்கிய 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்'. சென்னை நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கிய இவ்வரிசையின் இரண்டாம் பதிப்பு 2015-இலும் மூன்றாம் பதிப்பு 2020-இலும் வந்தன. நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை நசாரா டெக்னாலஜிஸ் வாங்கியது.

இங்கும் வீரர்களின் பெயர்கள் மாற்றப்பட்டே இருந்தன. லூனன்பர்கில் செய்தாலும் சென்னையில் செய்தாலும் உரிமச் சிக்கல் ஒன்றுதான். அதற்கு இரண்டாம் பதிப்பு கொடுத்த வழி எளிமையானது: ஆடும் பதினொருவரையும் அவர்களின் பெயரையும் பங்கையும் ஆடுபவரே திருத்திக்கொள்ளலாம். பதினொரு பெயரைத் தட்டச்சு செய்யப் பத்து நிமிடம் போதும். தோனி பெயரை எழுதிக்கொள்ளலாம். பள்ளி நண்பர்களின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். முகமும் சீருடையும் நிறுவனம் கொடுத்தவையே. கிரிக்கெட் 07-இல் கிடைத்தவற்றில் மிக அடிப்படையான ஒன்று மட்டும் இங்கே எல்லோருக்கும் கிடைத்தது, அதுவும் கணினி இல்லாத வீடுகளுக்கும்.

கைப்பேசி உலகில் 'மோட்' என்ற சொல்லின் பொருளே திரிந்துவிட்டது. 'மோட் ஏ.பி.கே.' என்று தேடி இறக்குபவர் புதிய சீருடையையோ மைதானத்தையோ தேடுவதில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய நாணயங்கள் தீராமல் இருக்கும்படி பூட்டை உடைத்த செயலி அது. உடைத்தவர் யார், செயலியோடு கைப்பேசிக்குள் வேறு என்ன நுழைகிறது என்பது இறக்குபவருக்குத் தெரியாது. சேர்ப்பதற்காக இருந்த சொல் தப்பிப்பதற்கான சொல்லாக மாறியதற்கு, விளையாட்டு இலவசமாகவும் உள்ளே உள்ளவை விலைக்கும் வந்த வணிக முறையே காரணம்.

அதே சமயம், பேட்ச் செய்தவர்கள் எட்ட முடியாமல் விட்ட ஓரிடத்தைச் சென்னை நிறுவனம் எட்டியது. டபிள்யூ.சி.சி. மூன்றாம் பதிப்பில் ஆங்கிலம், இந்தியோடு தமிழிலும் வர்ணனை வந்தது. வர்ணனையாளர் வரிசையில் மேத்யூ ஹைடன், ஈசா குஹா ஆகியோரோடு தமிழ்நாட்டின் அபினவ் முகுந்தும் இருந்தார். ஒருகாலத்தில் மஞ்சள் சட்டையில் ஆடிய ஹைடனை ரசிகர்கள் கையால் வரைந்து கிரிக்கெட் 07-க்குள் நுழைத்தனர். இங்கே அவர் நிறுவனம் அழைத்து வந்த குரலாக இருந்தார்.

எஞ்சியவை

கிரிக்கெட் 07 இன்று கடைகளில் இல்லை. ஆனால் வட்டும் ஒரு பேட்சும் கையில் இருந்தால் இணையம் இல்லாமலே அது ஓடும். எந்த வழங்கியும் அனுமதி தர வேண்டியதில்லை. அகாடமியில் உருவான வீரர்கள் நிறுவனத்தின் வழங்கி இயங்கும்வரை பிறருக்குக் கிடைப்பார்கள். அதன்பின் ஏற்கெனவே இறக்கிவைத்தவரின் பெட்டியில் மட்டும் இருப்பார்கள். கைப்பேசி விளையாட்டோ தானே புதுப்பித்துக்கொள்கிறது. சென்ற ஆண்டின் வடிவத்துக்குத் திரும்பிப்போக ஆடுபவருக்கு வழி இல்லை.

2008 ஏப்ரலில் களமிறங்கிய அதே எட்டு அணிகளை, அன்றைய சீருடையோடும் அன்றைய பட்டியலோடும், டெக்கான் சார்ஜர்ஸ் உட்பட இன்று மீண்டும் ஆடிப் பார்க்க விரும்புபவர் நாட வேண்டியது அந்த ஆண்டின் பேட்ச் ஒன்றைத்தான். டெக்கான் சார்ஜர்ஸ் 2012-இல் கலைந்துவிட்டது. அதன் அணி கிரிக்கெட் 07-இன் ஏதோ ஓர் அயல்நாட்டு அணியின் இடத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கும், யாராவது அந்தக் குறுந்தகட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால்.